டைட் அண்ணன் வீட்டு வண்டி

அந்த வீட்டில் எதையும் ஒரே ஆளால்தான் திறக்க முடியும். சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில், முற்றத்துத் தண்ணீர்க் குழாய், எல்லாவற்றையும் அவர்தான் மூடுவார். ஆகவே அவர்தான் வந்து திறக்கவும் வேண்டும். ஐந்தாவது படிக்கும் அவர் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் ஒரு சீட்டு கொண்டுவந்தாள். 'தண்ணீர் பாட்டிலின் மூடியை இவ்வளவு இறுக்கி அனுப்ப வேண்டாம். இன்று விளையாட்டு ஆசிரியரை வரவழைத்துத் திறந்தோம்' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

தெருவில் அவருக்கு டைட் அண்ணன் என்று பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள், சாயங்காலமானால் மனிதர் தள்ளாடிக்கொண்டு வருவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாடியறையை வாடகைக்குப் பார்க்க வந்த அன்றே, "உங்க வீட்டுக்காரர் தினமும் குடிப்பாரா?" என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"குடிச்சாலாவது கொஞ்சம் தளர்வா இருப்பாரும்மா," என்றார். "இந்த மனுசன் ஒரு சொட்டு தொடமாட்டாரு. அதான் பிரச்சனையே."

அண்ணனுக்கு, ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாக வாங்கி வெளுத்துக் கொடுக்கும் ஆலையில் நீராவிக் குழாய் பிட்டர் வேலை. அக்காவுக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை. ஒரு பரிசோதனைக்கூடம் அவரை அமர்த்தியிருந்தது. காலை ஆறு மணிக்கு முதல் வீடு. சர்க்கரை உள்ளவர்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் கிழவர்கள். வெறும் வயிற்றோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஏழெட்டு வீடு முடித்து, குளிர்கட்டி போட்ட பெட்டியில் குழல்களை அடுக்கி, எட்டரைக்குள் கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடும். ஊசியக்கா என்று பெயர்.

வண்டி அண்ணனுடையது. கியர் போட்ட நூறு சிசி பைக். அண்ணனை ஆலை வேனே வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்பதால் வண்டியை ஓட்டுவது அக்கா, பராமரிப்பது அண்ணன். இந்த ஏற்பாட்டைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வண்டியின் நோவு அதன்மேல் உட்கார்ந்து போகிறவளுக்குத்தான் தெரியும். ஸ்பேனர் வைத்திருப்பவர் அவளைக் கேட்கவே மாட்டார் என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வேலை செய்வதை நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். குறை சொல்ல முடியாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழே பழைய சாக்கை விரித்து, பெயிண்ட் டப்பா மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி, தேய்ந்த பல் பிரஷ்ஷால் செயினை ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பார். கறுப்பாக வழியும். துணியால் துடைத்து, காய விட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எண்ணெய் விடுவார். ஒரு சொட்டு வீணாகாது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்து, நுனி காய்ந்த மண் நிறத்தில் இருந்தால் தலையை ஆட்டுவார். இன்ஜின் ஆயில் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்து, கோட்டைப் பார்ப்பார். இதுவரைக்கும் எல்லாம் சரி. கடைசியில் ஸ்பேனரை எடுப்பார். அங்கேதான் கெட்டது.

"செயினை ரொம்ப இழுக்காதீங்க. வண்டி முனகுது," என்பார் அக்கா, உள்ளே காய் நறுக்கிக்கொண்டே.

"வண்டி முனகாது. ஓட்டுறவங்கதான் முனகுவாங்க."

"மேம்பாலம் ஏறவே மாட்டேங்குது. ரெண்டாவது கியருக்கு வந்துடுது. இறங்கித் தொட்டா பின் சக்கரம் கொதிக்குது."

"கிளட்ச்சைப் பாதி பிடிச்சிக்கிட்டே ஓட்டுவ. பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். என் அப்பா தன் கையெழுத்தைப் படம் வரைவது மாதிரி வரைவார். பொம்பளைங்க எல்லாருமே என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களைக் கேட்டே வளர்ந்தவள். மேலிருந்தே கேட்டேன்: "ஏண்ணே, நீங்க எப்ப கடைசியா அந்த வண்டியை ஓட்டுனீங்க?"

"நான் ஓட்டி ரெண்டு வருசம் ஆகுது. அதுக்கென்ன? டாக்டர் என்ன, வியாதி வந்து பார்த்துட்டா வைத்தியம் பண்றாரு?"

அவருக்கும் வாய்க்குக் குறைவில்லை.

அக்காவுக்குப் பயம் வரக் காரணம் இருந்தது. பரிசோதனைக்கூடத்தில் ஒரு விதி. மூன்று மாதத்தில் மூன்று முறை எட்டரை தாண்டினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். மாதத் தொடக்கத்தில் மழையில் டயர் பஞ்சராகி ஒருமுறை தாண்டியாயிற்று. இன்னும் ஐந்து வாரம் தள்ள வேண்டும்.

"இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்ன ஏழு வருசம் வீட்ல இருந்தேன்," என்று ஒருநாள் மாடிக்குத் துணி எடுக்க வந்தபோது சொன்னார். "இப்ப காலைல அஞ்சரைக்கு ஹெல்மெட்டை மாட்டுறேன் பாரு, அந்த ஒரு நேரம் போதும் எனக்கு. அதை விட்டுட்டு மறுபடி உள்ள வந்து உட்கார முடியாது மாடி."

என்னை மாடி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முற்றி, அண்ணன் பீரோவிலிருந்து வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த புத்தகம். "இந்தா, படிச்ச பொண்ணு இருக்குல்ல, அதையே படிக்கச் சொல்லு. கம்பெனிக்காரன் சொல்றதையாவது கேப்பியா?"

நான் இறங்கி வந்து வாங்கினேன். எவனோ ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கியிருந்தான். சத்தமாக வாசித்தேன்: "சங்கிலியின் இலவச விளையாட்டைச் சோதிக்கவும்."

அக்காவின் கத்தி நின்றது. "என்னது?"

"இலவச விளையாட்டு."

"அப்ப காசு குடுத்து விளையாடுறது வேற இருக்கா?"

அவர்கள் மகள் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வரி: "இலவச விளையாட்டு இருபத்தைந்து மில்லிமீட்டர். அதற்கு மேற்பட்ட விளையாட்டு ஆபத்தானது."

அண்ணன் சிரிக்கவில்லை. விரலை நீட்டினார். "பாத்தியா? இருபத்தஞ்சுக்கு மேல போனா ஆபத்து. அப்ப இருபதுன்னா ஆபத்து கொஞ்சம் கம்மி. பத்துன்னா இன்னும் கம்மி. ஒண்ணுமே இல்லைன்னா ஆபத்தே இல்லை. என்னம்மா, சரிதானே?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது, இந்த வாக்கியமும் எனக்குப் புரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புத்தகம் என் கையில் இருந்தது. மூன்று பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப்படி அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. தலையாட்டினேன்.

"முடிஞ்சுது," என்றார் அண்ணன். ஸ்பேனரை எடுத்து, இருந்ததற்கு மேல் இன்னும் அரைச் சுற்றுக் கொடுத்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். கத்திச் சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்டது.

வியாழக்கிழமை மேம்பாலத்தின் ஏற்றத்தில் செயின் அறுந்தது.

அக்கா சொன்னபோது நேரம் பத்தரை. முழங்கை வரை கறுப்பு எண்ணெய். "டப்புன்னு ஒரு சத்தம். வண்டி இன்ஜின் மட்டும் கத்துது, சக்கரம் போகலை. திரும்பிப் பாத்தா செயின் பாம்பு மாதிரி ரோட்ல கிடக்கு. பின்னாடி வந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சே என்னை ஓரத்துக்குத் தள்ளுனான். வண்டியை உருட்டி ஒரு கடை வாசல்ல போட்டுட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ தேடி... ஒன்பது பத்து."

"லேப்ல என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்வான்? 'இது ரெண்டாவது'ன்னு நோட்ல எழுதினான். அதுகூடப் போகட்டும். நாலு பேருக்கு மறுபடி எடுக்கணும்னுட்டான். அந்த ரிட்டயர்ட் வாத்தியார் இருக்காரே, நரம்பே கிடைக்காது. காலைல மூணு தடவை குத்தி எடுத்தது. நாளைக்கு மறுபடி குத்தணும். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுவாரு. அதான் எனக்கு..."

குழாயடியில் போய் நின்றார். குழாய் திறக்கவில்லை. இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார். பிறகு குழாயை ஓங்கி ஓர் அறை அறைந்தார். நான் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். நான் தலையாட்டியது எங்கள் நடுவே நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் அன்று சாயங்காலமே புதுச் செயின் வாங்கி மாட்டினார். "பழசு தேஞ்சு போயிருந்தது, அறுந்துடுச்சு" என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். புதிதையும் அதே இறுக்கு இறுக்கினார்.

தெருமுனை மெக்கானிக்கிடம் போகலாமே என்று அக்காவைக் கேட்டேன்.

"போனேன். அவன் என்னைத் தூரத்துல பாத்ததும் கையெடுத்துக் கும்பிடுறான். போன வருசம் சர்வீசுக்கு விட்டப்ப, செயினைத் தளர்த்தி விட்டிருக்கான். இவரு நேரா போய், 'என் வண்டியை லூசாக்கி அனுப்பியிருக்க'ன்னு சண்டை. அவன், 'அண்ணே, அது ப்ளே, கொஞ்சம் ப்ளே வேணும்'னு சொல்லியிருக்கான். இவரு, 'எங்கிட்டயே ப்ளே காட்டுறியா'ன்னு சட்டையைப் பிடிச்சிட்டாரு. 'அக்கா, நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் எனக்கு ஊசி போடுங்க, அந்த வண்டியை மட்டும் கொண்டுவராதீங்க'ங்கறான்."

விளையாட்டு என்று புத்தகத்தில் இருந்தது ப்ளே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செயினுக்கு ஆட இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் வாசித்து, அதையே ஆபத்தென்று தலையாட்டியிருக்கிறேன். பதினைந்து வருடப் படிப்பு.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தமில்லாமல் ஒரு சண்டை நடந்தது. அக்கா வேலை முடிந்து வந்து சாப்பிட்டு, மதியம் மூன்று மணிக்கு ஸ்பேனரை எடுத்துச் செயினைத் தளர்த்துவார். அண்ணன் ஆறு மணிக்கு வந்து, கைகால் கழுவுவதற்கு முன், செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியை நீக்கி உள்ளே விரலை விட்டுப் பார்ப்பார். மறுபடி இறுக்குவார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உப்பு போதுமா, பொண்ணுக்கு நோட்டு வாங்கணும், இவ்வளவுதான் பேச்சு. காலையில் வண்டி டைட்டாகவே கிளம்பும்.

நான்காம் நாள் அண்ணன் தன் தொழில் புத்தியைக் காட்டினார். ஆலையில் ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு பெயிண்டால் இழுப்பார்களாம். யாராவது நட்டைத் திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அன்று சாயங்காலம் இறுக்கி முடித்ததும் பின்சக்கர அச்சு நட்டில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். அதன்பின் விரல் விடுவதை நிறுத்தி, கோட்டை மட்டும் பார்ப்பார்.

அக்கா மறுநாள் மதியம் அதைப் பார்த்தார். அரை நிமிடம் யோசித்தார். நட்டைத் தளர்த்தி, செயினுக்கு இடம் விட்டு, நட்டை மறுபடி இறுக்கினார். பழைய கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் அழித்தார். உள்ளே போய் மகளின் நகப்பூச்சைக் கொண்டுவந்து புதிதாகக் கோடு இழுத்தார்.

"அக்கா, கலர் கொஞ்சம் ரோஸா இருக்கு," என்றேன்.

"அவருக்கு என் புடவைக் கலரே தெரியாது. நட்டுக் கலரா தெரியப்போகுது?"

தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளிச்சத்தில் குனிந்தவர், நகத்தால் கோட்டைச் சுரண்டி மோந்து பார்த்தார்.

"நெயில் பாலிஷ்," என்றார். சின்னவள் தன் விரல்களைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள். "எனக்கே திருட்டுத்தனமா? நடு ரோட்ல சக்கரம் கழண்டு விழுந்தா யாரு பதில் சொல்றது? நீ செத்தா யாருடி பதில் சொல்றது?"

கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. மறுபடி இறுக்கினார். ஸ்பேனரைத் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே அண்ணன் முற்றம் கழுவும் சத்தம்.

"உங்களுக்குக் கோபமே வராதாக்கா? எனக்கு அந்த ஸ்பேனரைப் பிடுங்கி..."

"வரும். ஆனா அவரு எதுக்குக் கத்துனாருன்னு தெரியும்." கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "பாப்பா பிறந்த வருசம் ஆலைல ஒரு குழாய் இணைப்பு. ராத்திரி ஷிப்ட்காரங்க வர்ற நேரம்னு அவசரமா முடிச்சிருக்காரு. ஒரு நட்டு அரைச் சுத்து பாக்கி. காலைல நீராவி விட்டதும் அது பீச்சிடுச்சு. பக்கத்துல நின்ன ஆளுக்கு இடது கை முழுக்க வெந்துபோச்சு. இவரோட கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்ன ஆள். ஒருநாள்கூட இவரைக் குத்தம் சொன்னதில்லை. சொல்லியிருந்தா இவருக்குச் சரியாப் போயிருக்கும். அன்னைலேர்ந்து எல்லாம் டைட்டு."

என் கோபம் இறங்க மறுத்தது. ஆனால் அதை வைக்க இடமில்லை.

"பாவம்தான். அதுக்காக நீங்க வேலையை விடணுமா?" என்றேன்.

"விடமாட்டேன்," என்றார் அக்கா. "பாத்துக்கிட்டே இரு."

திங்கட்கிழமை காலை ஐந்தரை. "மாடி! கீழ வா!" என்று குரல். முகம் கூடக் கழுவாமல் இறங்கினேன். முற்றத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஹெல்மெட் போட்டு வண்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் பெட்டி கட்டியிருந்தது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருந்தார். இன்ஜின் போடவில்லை. அண்ணன் வாயில் பல் பிரஷ்ஷோடு படியில் நின்றார்.

"என்ன, கிளம்பலையா?"

"கிளம்பலை."

"மணி என்ன ஆச்சு பாத்தியா?"

"பாத்தேன். ஆறுக்கு வாத்தியார் வீடு. வெறும் வயித்தோட உட்கார்ந்திருப்பாரு. உட்காரட்டும். மூணாவது தடவை வண்டியால லேட்டாகி வேலை போறதுக்கு, நானே இங்கயே உட்கார்ந்து லேட்டாகிக்கிறேன். மாடி, ஏறிப் பின்னாடி உட்காரு."

"நான் எதுக்குக்கா?"

"உட்காருன்னா உட்காரேன்."

பெட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி அமுங்கியது.

"இப்ப வந்து விரலை வைங்க," என்றார் அக்கா.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"லூசுன்னே வச்சுக்கங்க. விரலை வைங்க."

அண்ணன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மணியைப் பார்த்தார். மனைவியின் வேலையில் அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அந்தப் பரபரப்பு முகத்தில் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து ரப்பர் மூடியை நீக்கி விரலை விட்டார்.

"இறங்குங்க ரெண்டு பேரும்," என்றார்.

இறங்கினோம். மறுபடி விரலை விட்டார்.

"ஏறுங்க."

ஏறினோம்.

"இறங்குங்க."

மூன்று முறை. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் சொல்ல வாயெடுத்தபோது அக்கா என் தொடையைக் கிள்ளினார்.

"ஆள் ஏறினா கம்பி மாதிரி ஆயிடுது," என்றார் அண்ணன். எங்களிடம் சொல்வது மாதிரி இல்லை. "ஸ்டாண்ட்ல நிக்கும்போது ஒரு நூல் ஆடுது. ஆள் ஏறினா அதுவும் இல்லை."

"நீங்க எப்பவும் ஆள் இல்லாமத்தானே பாப்பீங்க," என்றார் அக்கா. குரல் தணிந்திருந்தது. "கல்யாணமான புதுசுல என்னை ஆலைக்குக் கூட்டிட்டுப் போனீங்க, ஞாபகம் இருக்கா? குழாய் நேரா வந்துட்டு, நடுவுல வேலையத்த மாதிரி ஒரு வளைவு வளைஞ்சு போச்சு. ஏன் இப்படி வீணா வளைச்சிருக்குன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் மறுபடி விரலால் செயினை அமுக்கிப் பார்த்தார்.

"சொல்லுங்க. மணி அஞ்சு நாப்பது."

"சூடேறினா குழாய் நீளும்னு சொன்னேன்."

"நீள இடம் இல்லைன்னா?"

"வெடிக்கும்." விரல் இன்னும் செயின் துளைக்குள்தான் இருந்தது. "இடம் விட்டு வைக்கணும்."

"அந்த வளைவை லூசுன்னு சொல்வீங்களா?"

அண்ணன் எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார். பனியனோடு இருந்தார். உள்ளே ஓடினார். பீரோ திறக்கும் சத்தம். ஸ்பேனர்களோடு வந்து சென்டர் ஸ்டாண்டை இழுத்துப் போட்டார். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு, எண்ணி எண்ணித் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினார். சக்கரத்தைச் சுற்றி ஓரிடத்தில் விரல் வைத்தார், இன்னும் கொஞ்சம் சுற்றி இன்னோரிடத்தில். செயின் எங்கே அதிகம் விறைக்கிறதோ அங்கே நிறுத்தி அளந்தார். ஒரு விரல் மேலும் கீழும் ஆட இடம் வந்தது. நட்டை இறுக்கினார்.

"பிரேக்," என்றார் அக்கா.

"ஆமா, பிரேக்." செயினை இழுக்க இழுக்கச் சக்கரம் பின்னால் போகும், பிரேக் ராடும் கூடவே இழுபடும். அதனால்தான் பின்சக்கரத்து பிரேக் டிரம் கொதித்திருக்கிறது. பாதி பிடித்த பிரேக்கோடுதான் அக்கா இத்தனை நாள் மேம்பாலம் ஏறியிருக்கிறார். ராடின் நட்டைச் சரிசெய்து, மிதியை அமுக்கி, பிடிக்கிறதா, விடுகிறதா என்று பார்த்தார். பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். அது சுற்றியது. நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அஞ்சு அம்பத்திரண்டு," என்று சொல்லி அக்கா ஏறி உதைத்தார்.

வண்டி தெருமுனை திரும்பும் வரை அண்ணன் வாசலில் நின்றார். முனகல் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் தலையாட்டினது தப்பு," என்றேன். "எனக்குப் புரியலை. புரிஞ்ச மாதிரி ஆட்டிட்டேன்."

"எனக்கு வேண்டிய மாதிரிதான் ஆட்டின. எனக்கும் அது வசதியாப் போச்சு." ஸ்பேனரைத் துடைத்தார். "ஆனா ஒண்ணும்மா. படிச்ச நீங்கள்லாம் தலையாட்டினா நாங்க திருப்பிக் கேக்க மாட்டோம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு."

கல்லூரியில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னதும் சுருக்கென்றது. எனக்கு அது வேண்டியதுதான்.

அன்று ஆலை வேன் வந்து ஹாரன் அடித்தபோது, தலைவலி என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தார். போன் செய்யுங்களேன் என்றேன். "வண்டி ஓட்டும்போது போன் பண்ணக் கூடாது" என்றார். ஒன்பதேகாலுக்கு வண்டி வந்தது. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அண்ணன் குனிந்து பின் டிரம்மில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"எட்டு இருபத்தாறு," என்றார் அக்கா. "மேம்பாலம் மூணாவது கியர்லயே ஏறிடுச்சு."

"வாத்தியாரு?"

"அவரு ஒரே குத்துல குடுத்துட்டாரு. நீங்க ஏன் வேலைக்குப் போகலை?"

"தலைவலி."

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாமா?"

அண்ணன் இரண்டடி பின்னால் போனார். அவருக்கு ஊசி என்றால் ஆகாது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாக்கை விரித்தது அண்ணன், அதில் உட்கார்ந்தது அக்கா. நான் கையேட்டில் இலவச விளையாட்டு என்ற இடத்தையெல்லாம் அடித்து, மேலே 'ஆட இடம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். சின்னவள் ஏறி உட்கார்ந்து எடை கொடுத்தாள். அக்கா ரப்பர் மூடியை நீக்கி விரலை விட்டார். புதுச் செயின் கொஞ்சம் நீண்டிருந்தது. அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் கால் கால் சுற்று. போதும் என்று நிறுத்தினார்.

"இன்னும் ஒரு கால் சுத்து..." என்று அண்ணனின் கை தானாக நீண்டது.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணனே தன் கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கண்டிப்பான வாத்தியார் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி இருந்தது. அக்கா விரலை இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிரேக் ராடைச் சரிசெய்தார். எல்லாம் முடித்துவிட்டு, பெரிய ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டில் மாட்டினார். மாட்டி, அதன் பிடியை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"இந்தாங்க. இதை நீங்க இறுக்குங்க."

"எவ்வளவு?"

"இது சக்கரத்தைப் பிடிக்கிற நட்டு. இதுல ஆட்டமே கூடாது. உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

அண்ணன் ஸ்பேனரைப் பிடித்தார். முழங்காலை ஊன்றி, தோளைக் கொடுத்து, மூச்சை அடக்கி இழுத்தார். நட்டு கிறீச்சென்று ஒரு நூல் நகர்ந்து நின்றது. பெயிண்ட் டப்பாவைத் தேடினார். சின்னவள் இறங்கி ஓடிப்போய் நகப்பூச்சைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதன் மூடியைத் திறந்து, சின்னத் தூரிகையால், நட்டின்மேல் ரோஸாக ஒரு கோடு இழுத்தார்.

இழுத்துவிட்டு மூடியை மூடினார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் போன விரல் நின்றது.

"போதுமா?" என்று மகளைக் கேட்டார்.